பேருந்தில் வரும் பால்

சமுத் சாக்கோன்
பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

பால் பைகளுக்கு மேலே, ஐஸ் படாத இடமாகப் பார்த்து இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். முதலில் பாலை எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் படியுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பாலை வைத்துவிட்டுத் திட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். "நீங்க ஒண்ணைப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று என் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாது. நீங்கள் போனை வைத்த பிறகு உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார். திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் நான் அழுவேன், நீங்கள் கத்துவீர்கள், உங்கள் இடுப்பில் இருக்கும் குழந்தை ஃபாய் பயந்து போவாள். எழுதினால் நடுவில் யாரும் கத்த முடியாது. அதனால் இனிமேல் பால் பெட்டியிலேயே எழுதி வைக்கிறேன். காலிப் பெட்டி திரும்பி வரும்போது நீங்களும் எழுதிப் போடுங்கள்.

விஷயம் இதுதான். அன்றைக்கு வீடியோவில் உங்கள் அடுப்பைப் பார்த்தேன். ஒட்டரிசி வேகும் மூங்கில் கூடையில், சோற்றுக்கு மேலே, என் பால் பை உட்கார்ந்திருந்தது. "இப்படி வச்சா அஞ்சு நிமிஷத்துல இளகிடும், அதுக்குன்னு தனி அடுப்பா?" என்றீர்கள். அதற்கு முந்தின நாள்தான் பக்கத்து மேஜை ஜியாப் சொல்லியிருந்தாள்: "சூடு பட்டா பிளாஸ்டிக்ல இருக்கறது சாப்பாட்டுல எறங்கிடும்டி. நமக்குத் தாங்கும். பச்சைக் குழந்தைக்கு ஹார்மோனையே குழப்பிடுமாம்." போனில் ஒரு வீடியோவும் காட்டினாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். டாக்டரா, கோட்டு மட்டும்தானா, தெரியவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பா. அச்சிலிருந்து வெதுவெதுப்பாக வந்து விழும் டப்பாவின் ஓரத்தைச் சீவுகிறேன். அந்த வாசனை எனக்குப் பழகிப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஜியாப் சொன்னதிலிருந்து மூக்கில் வேறு எதுவும் ஏறவில்லை.

ஆவியில் மட்டும் வைக்காதீர்கள் அண்ணி. இரண்டு கண்ணாடி பாட்டில் இதோடு அனுப்புகிறேன். பாலை அதில் ஊற்றிக் கொடுங்கள். ஃபாய்க்கு நாலு மாதம்தான் ஆகிறது. என்னால் அங்கே வந்து பார்க்க முடியவில்லை, இந்தப் பையை மட்டும்தான் அனுப்ப முடிகிறது. அதிலேயே ஏதாவது இருந்தால் நான் என்ன செய்வேன்?

உங்கள்
ரின்


யசோதோன்
பிப்ரவரி 22

ரின்னுக்கு,

பால் வந்தது. கண்ணாடி பாட்டில் ஒன்று வந்தது. இன்னொன்று தூள் தூளாக வந்தது. பேருந்தில் வருகிற பெட்டிக்குள் கண்ணாடி வைத்து அனுப்பிய முதல் மகராசி நீதான். பைகளில் சிலது குத்துப்பட்டு ஒழுகியிருந்தது. எதில் துகள் போயிருக்கிறது, எதில் போகவில்லை என்று யார் கண்டது? மொத்தத்தையும் வாய்க்காலில் கொட்டினேன். பிளாஸ்டிக் குழந்தையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி என்ன செய்யும் என்று தெரியும்.

பெட்டியை இறக்கிக் கொடுத்த நடத்துநர் தேங், "என் பஸ்ல டிக்கெட் இல்லாம ஏ.சி.யில வர்ற ஒரே ஆளு உங்க வீட்டுப் பால்தான்க்கா, அதையும் இப்படி அழவிட்டுட்டீங்களே" என்றார். ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கி வந்தேன்.

நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று உனக்கும் தெரியும். காலைச் சந்தையில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பைப் பையில் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றை அடைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கிறேன். இந்த ஊரே அதைத்தான் தின்கிறது. பிச்சைக்கு வரும் பிக்குகளின் பாத்திரத்திலும் அதே பைதான் விழுகிறது. எங்கள் பெரிய பிக்குவுக்கு எண்பது தாண்டிவிட்டது, மைக்கைக் கையில் கொடுத்தால் இன்னும் விடமாட்டேன் என்கிறார். உன் புருஷனையும் அந்தப் பைக் குழம்பை ஊற்றித்தான் வளர்த்தேன். அவனுக்கு ஹார்மோன் குழம்பியிருந்தால் நீ என்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நீ சொன்ன வார்த்தையை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. பெற்றதில்லை, உண்மை. ஆனால் உன் மகள் ராத்திரியில் அசைந்தால் எனக்குத்தான் முதலில் விழிப்பு வருகிறது, உனக்கு அல்ல. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

ஆவியில் வைப்பதை நிறுத்திவிட்டேன். உனக்காக இல்லை. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பையைப் பார்த்தாலே எனக்கு என்னவோபோல் இருக்கிறது. வெந்நீரிலும் போடுவதில்லை. குழாய்த் தண்ணீரில் போட்டு வைக்கிறேன்.

அது சரி, குழப்பிவிடும் என்றால் என்ன ஆகும்? பாதியில் விடாதே. சொல்ல ஆரம்பித்ததை முழுசாகச் சொல்.

வான்பென்


சமுத் சாக்கோன்
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

முழுசாகச் சொல்லத்தான் நானும் அலைகிறேன். முழுசாகத் தெரிந்த ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

ஃபேக்டரி கிளினிக் நர்ஸிடம் கேட்டேன். "தாய்ப்பாலுக்குன்னு விக்கிற பைதானே? அது அதுக்குன்னே பண்ணது. சூடு பண்ணாதீங்க, அவ்வளவுதான்" என்றார். அப்போ பயப்பட வேண்டாமா என்று கேட்டேன். "கொஞ்சங்கூட எறங்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா அதுக்காகப் பாலை நிறுத்தாதீங்க" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ சத்தியம் பண்ண முடியாது என்றது மட்டும்தான் காதில் நின்றது.

சூப்பர்வைசரிடமும் கேட்டேன். "நாம போடுறது எல்லாம் உணவுக்கான சரக்கு. நீ ஓரத்தைச் சீவு, உலகத்தைச் சீவாதே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். உங்கள் தம்பி அச்சு மெஷினில் நிற்கிறாரே, அவராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "இங்க வேலை பார்க்கறவன் டப்பாவைப் பார்த்துப் பயந்தா, கசாப்புக் கடைக்காரன் கோழியைப் பார்த்து அழுத மாதிரி" என்கிறார். ஆனால் அண்ணி, அவரும் இப்போது ஷிப்டுக்குச் சாப்பாட்டை வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கில்தான் எடுத்துப் போகிறார். நான் கவனித்துவிட்டேன். கேட்டால், மூடி இறுக்கமாக இருக்கிறதாம்.

ஜியாப் சொல்வதை எழுதக் கை வரவில்லை. பெண் குழந்தைகள் சீக்கிரம் பெரியவளாகிவிடுவார்களாம். பிற்காலத்தில் பிள்ளை தங்காதாம். மூளை மந்தமாகிவிடுமாம். எது உண்மை, எது வாய்க்கு வந்தது, தெரியவில்லை. இப்போது எதுவும் தெரியாது, இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும் என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்கலாம். இதை எங்கே தொட்டுப் பார்ப்பது?

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த வாரம் பால் பை தீர்ந்துவிட்டது, கடையிலும் இல்லை. பாலைக் கொட்ட மனசு வராமல் சாதாரணப் பையில், நீங்கள் குழம்பு ஊற்றுவீர்களே அதே பையில், ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். அவற்றுக்கு மட்டும் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். கொடுப்பதா, எறிவதா என்று என்னால் முடிவு பண்ண முடியவில்லை. நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

ஃபாயின் குரலைக் கேட்டுப் பல நாள் ஆகிறது. அவள் சிரிக்கும்போது ஒரு சத்தம் வருமே, இப்போதும் வருகிறதா?

ரின்


யசோதோன்
மார்ச் 4

ரின்னுக்கு,

நல்ல வேலை செய்தாய். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, வெட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள் என்கிறாய்.

சிவப்பு ரப்பர் பேண்டு போட்டதை எல்லாம் எறிந்தேன். எறிந்த பிறகுதான் தோன்றியது, நான் விற்கும் பையில் உன் பாலை ஊற்றினால் எறிய வேண்டும் என்றால், அதில் கொதிக்கும் குழம்பை ஊற்றி அடுத்தவன் பிள்ளைக்கு நான் விற்கலாமா? மறுநாள் சந்தையில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வந்து மூங்கில்குருத்துக் குழம்பு கேட்டாள். பாத்திரம் கொண்டு வந்தால்தான் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டேன். "அக்காவுக்கு என்ன ஆச்சு? பை வாங்கக் காசு இல்லையா?" என்று எதிர்க் கடைக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சுகாதார நிலையத்தில் தாவ் என்று ஒரு பெண் இருக்கிறாளே, அவளிடமும் கேட்டேன். அவளும் உன் நர்ஸ் மாதிரியேதான். சூடு பண்ணாதீங்க, கவலைப்படாதீங்க. கவலைப்படாதே என்று சொல்பவர்கள் யாருக்கும் கவலைப்பட வேண்டிய பிள்ளை மடியில் இல்லை.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒளிக்கவும் முடியவில்லை. உன் பாலை இளக்கி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை வருகிறது. முன்னாலும் வந்திருக்கலாம், நான் முகர்ந்து பார்த்ததில்லை. இப்போது எந்தப் பையைத் திறந்தாலும் வருகிறது. உன் ஃபேக்டரி வாசனை இப்படித்தான் இருக்குமா?

நீ உடனே அழ ஆரம்பிக்காதே. இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சந்தையில் இத்தனை வருஷம் குழம்பு விற்றவளுக்கு, இறங்கினதை எப்படி எடுப்பது என்று தெரியாதா? ரப்பர் நிப்பிளும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் புகட்டுகிறேன். கொஞ்சம் வழிகிறது, பரவாயில்லை.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். முன்னைப்போல அழுவதில்லை. நிறையத் தூங்குகிறாள்.

வான்பென்


சமுத் சாக்கோன்
மார்ச் 10

அண்ணி,

சோப்பு வாசனை என்று படித்ததும் என் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். தலைமுடியை முகர்ந்தேன். ஜியாபைக் கூப்பிட்டு என் கழுத்தை முகரச் சொன்னேன். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, போய்த் தூங்கு" என்றாள். இந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவளே அவள்தான்.

பையில் மட்டும் இல்லை, எனக்குள்ளேயே இருக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டேன். நாள் முழுக்க சுவாசிப்பது எங்கே போகும்? அதனால் நிறுத்திவிட்டேன். மூன்று நாளாகப் பால் எடுக்கவில்லை. மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கல்லாகக் கனக்கிறது. மெஷின் பக்கம் யாராவது குழந்தை பேச்சை எடுத்தால் தானாக ஒழுகுகிறது, துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் தம்பிக்கும் எனக்கும் பெரிய சண்டை. "உனக்குப் பயம் வந்தா குழந்தைக்கா பட்டினி?" என்று கேட்டார். "பட்டினி இல்லை, டின் பால் இருக்கு" என்றேன். "அந்த டின் பாலை எதுல கலக்குவாங்க, தாமரை இலையிலயா?" என்றார். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

உங்களிடம் இருக்கும் பாலை, நீங்கள் கண்டுபிடித்த வழியில் சுத்தம் பண்ணி, தீரும்வரை கொடுங்கள். இந்தப் பெட்டியில் வருவது முன்னாலேயே உறைய வைத்தது. இதற்கு மேல் இல்லை. அது என்ன வழி என்று நீங்கள் எழுதவில்லையே?

நிறையத் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் தடவை படித்தபோது நிம்மதியாக இருந்தது. பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வரும்போது அந்த வரி கூடவே வந்தது. ஏன் அண்ணி அவ்வளவு தூங்குகிறாள்? அழாமல் ஏன் இருக்கிறாள்? தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கிறாளா? தயவு செய்து எடை போட்டுப் பாருங்கள்.

ரின்


யசோதோன்
மார்ச் 16

ரின்,

போன் பண்ணாதே. என்னால் பேச முடியாது.

எடை போட்டுப் பார்த்தோம். தாவ் பெண் அட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். போன மாதம்வரை மேலே போன கோடு இந்த மாதம் கீழே வந்திருக்கிறது. "என்ன குடுக்கறீங்க அக்கா?" என்றாள். "தாய்ப்பால்தான், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். "வயித்துப்போக்கு?" "இல்ல." "வாந்தி?" "இல்ல." அவள் ஃபாயின் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். தோல் தனியாக வந்தது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பிளாஸ்டிக் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. பெற்றவளே விஷத்தை அனுப்பினாள் என்று உன் பேர் கெட்டுவிடக் கூடாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ நினைத்தது சரிதான் ரின். உன் பாலில் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

பாலை இளக்கிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாக எண்ணெய் மாதிரி மிதந்து வருகிறது. சூடான குழம்பைப் பையில் வைத்தால் எண்ணெய் பிரிந்து பை ஓரத்தில் ஏறுமே, அதே மாதிரி. அதுதான் பையிலிருந்து இறங்கினது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும், குழம்பில் எண்ணெய் வழிப்பது மாதிரி, ஒரு சொட்டு விடாமல் வழித்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தெளிந்த பாலை மட்டும்தான் கொடுத்தேன். வழித்ததை எல்லாம் நீ அனுப்பிய அந்தக் கண்ணாடி பாட்டிலில் சேர்த்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், நீ வந்தால் காட்ட. பாட்டில் நிறைந்துவிட்டது. இவ்வளவு விஷத்தை எடுத்த பிறகும் பிள்ளை இப்படி இளைக்கிறாள் என்றால், எடுக்க முடியாதது உள்ளே எவ்வளவு போயிருக்கும்?

நான் கும்பிடாத சாமி இல்லை. எழுதும்போது என் மடியில்தான் படுத்திருக்கிறாள். கண்ணைத் திறந்து பார்க்கிறாள், மூடிக்கொள்கிறாள். அழக்கூட மாட்டேன் என்கிறாள்.

வான்பென்


யசோதோன்
மார்ச் 24

ரின்னுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நீ திரும்ப வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு, பிள்ளையின் துணிகளை எல்லாம் இஸ்திரி போட்டுப் பையில் அடுக்கி வாசலில் வைத்தேன். நீ கேட்கவில்லை. கேட்க வைக்கக் கூடாது என்றுதான் நானே வைத்தேன். நீ பையைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறிவிட்டாய். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மறந்துவிட்டாயா, விட்டுப் போனாயா?

ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அந்தப் பாட்டிலைத் திறந்து கொட்டப் போனேன். கொட்ட முடியவில்லை. இத்தனை நாளாக அவள் வாயிலிருந்து நான் எடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

நீ போனில் சொன்ன வார்த்தை சரிதான். பெற்றிருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளையை வந்து எடுத்துக்கொண்டு போ. உன் அறைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை மட்டும் நான் வைத்திருக்கிறேன். தொடக்கூடப் பயமாக இருக்கிறது.

டாக்டர் சொன்ன டின் பாலைக் கொதித்து ஆறின தண்ணீரில், சொன்ன அளவுக்குத்தான் கலக்குகிறேன். ஒவ்வொரு வேளையும் தாவ் பெண்ணைக் கூப்பிட்டு அளவைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவளுக்கு என்னைக் கண்டாலே அலுத்துவிட்டது.

வான்பென்


சமுத் சாக்கோன்
மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

பையை நான் மறக்கவில்லை. விட்டுத்தான் வந்தேன்.

உங்கள் கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். மோ சிட் பஸ் நிலையத்தில் பெட்டியை வாங்கி, அங்கேயே நின்று பிரித்தேன். மஞ்சளாக மிதந்து வருகிறது என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பப் படித்தேன். அது விஷம் இல்லை, அது கொழுப்பு, பாலின் சத்தே அதில்தான் என்று பிரசவ வார்டில் எப்போதோ கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. தேங் என் கையிலிருந்து போனை வாங்கி உங்களிடம் பேசிவிட்டு, "பெட்டிக்கு மட்டும்தான் ஓசி. ஆனாலும் ஏறும்மா, சீட் இருக்கு" என்றார். அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

வழி முழுக்க உங்களைக் கொல்ல வேண்டும் என்று இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிடத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். பை, ஆவி, என் ஃபேக்டரி, சோப்பு வாசனை, ஒன்று விடவில்லை. சின்ன வயசு டாக்டர். பொறுமையாகக் கேட்டார். "சோப்பு வாசனை சில பேர் பாலை உறைய வச்சா வரும், ஒண்ணும் பண்ணாது. பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணாதீங்க, கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடுங்க. ஃபேக்டரியில காத்து வர்ற இடத்துல உக்காருங்க. அதுக்கு மேல நீங்க பயப்படுறதால ஒண்ணும் குறையாது" என்றார். அப்போ ஃபாய்க்கு என்ன வியாதி என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "பசிம்மா. வேற ஒண்ணும் இல்ல."

அதற்கப்புறம் உங்களிடம் என்ன பேச? நீங்கள் மேலே இருந்ததை எடுத்தீர்கள். நான் மொத்தத்தையும் நிறுத்தினேன். துணியைக் கட்டிக்கொண்டு நின்ற நாட்களில் நான் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் அவளை மார்பில் போட்டபோது அவள் சப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் என் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் பெற்றவள்தான் அண்ணி. எனக்கு என்ன தெரிந்துவிட்டது? அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை என்று ஆக்கிவிட முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பையில் ஒவ்வொரு சட்டையையும் நீங்கள் இஸ்திரி போட்டு மடித்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்படி மடிக்க வராது. இவளை வேறு யாரிடம் கொடுத்தாலும் நான் தினம் தினம் செத்துக்கொண்டிருப்பேன். உங்களிடம் கொடுத்தாலும் பயப்படுவேன். ஆனால் என்னோடு சேர்ந்து பயப்பட ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்று தெரியும். அதனால்தான் தாண்டிப் போனேன்.

பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வந்த நாளிலிருந்து திரும்பப் பால் எடுக்கப் பார்க்கிறேன். வேலைக்கு நடுவில் போய்ப் போய் உட்காருகிறேன். முதல் இரண்டு நாள் ஒரு சொட்டும் இல்லை. சூப்பர்வைசர் முறைத்தார், ஜியாப் என் வேலையையும் சேர்த்துச் சீவினாள். இப்போது கொஞ்சம் வருகிறது. நாலு நாளாகச் சேர்த்தது இந்த ஒரு பை. இதற்கே ஐஸ் வைத்து அனுப்புவது வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் வருமா, இதோடு நின்றுவிடுமா, தெரியவில்லை.

ரின்


யசோதோன்
ஏப்ரல் 2

ரின்னுக்கு,

தேங் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னிக்கு உள்ளே ஆளே இல்ல போல?" என்றார். நான் அங்கேயே திறந்து பார்த்தேன். ஐஸுக்கு நடுவில் உள்ளங்கைகூட நிறையாத ஒரு பை. அவரும் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பிள்ளையின் எடை இறங்குவது நின்றுவிட்டது. கோடு இன்னும் மேலே போகவில்லை, படுத்திருக்கிறது. டின் பாலைக் குடிப்பாள், தூங்குவாள். அழுகை மட்டும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாகவே இருந்தது.

உன் பையைக் குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தேன். இளகினது. கிண்ணத்தில் ஊற்றவில்லை, பாட்டிலில்தான் ஊற்றினேன், நிப்பிளும் போட்டேன். சோப்பு வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சள் ஏறியது. என் கை தானாகக் கரண்டியை எடுத்துவிட்டது ரின். கரண்டியை அடுப்புக்குப் பின்னால் வீசிவிட்டு, பாட்டிலைக் குலுக்கினேன். மஞ்சள் மறைந்தது. மறைந்ததும் பயம் இன்னும் கூடிவிட்டது. இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே என்று. டாக்டர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேதான் அவள் வாயில் வைத்தேன்.

குடித்தாள். கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள். நாலு மிடறுகூட இருக்காது, தீர்ந்துவிட்டது. காற்றைச் சப்பினாள். நிப்பிளைக் கடித்து இழுத்தாள். பிறகு பாட்டிலைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள் பார், அப்படி ஒரு அழுகை. கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு, முகம் சிவந்து, ஊரைக் கூட்டும் அழுகை. தெருவில் போன எதிர்க் கடைக்காரி ஓடி வந்து, "என்ன ஆச்சு, குழந்தைய கீழ போட்டுட்டீங்களா?" என்றாள். "இல்லடி, இன்னும் வேணுமாம்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

மீதிப் பசிக்கு டின் பாலைக் கலந்து கொடுத்தேன். ஆனாலும் நாளைக்கு உன்னுடையதைத்தான் கேட்பாள். இருக்கிறதை அனுப்பு.

வான்பென்